சின்னக் கம்பிக்குக் கட்டிய மஞ்சள் கயிறு

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை சிறப்பாக நடந்தது. சிறப்பாக என்றால் நான் நடத்தினேன் என்று அர்த்தம்.

உரக்கடையில் கொடுத்த இந்த டைரியில் ஒன்பது மாதமாக மழை அளவைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை. போன வாரம் மகுடீஸ்வரி, "வாயில பேசுறதப் பாதி எழுதுங்க, வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்" என்றாள். மனைவி சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. எழுதுகிறேன். பேச்சைக் குறைப்பதாக மட்டும் நான் வாக்குக் கொடுக்கவில்லை.

பூசணிமேட்டில் இருபத்தாறு வீடுகள், மூன்று ஜீப்புகள். அவற்றில் புதுசு எங்களுடையது. எங்களுடையது என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. அப்பா வீட்டுப் பங்கு நிலத்தை விற்று வாங்கியவள் மகுடீஸ்வரி. மிளகையும் மலைவாழையையும் ஏற்றி வத்தலக்குண்டு சந்தைக்கு ஓட்டிப்போகிறவளும் அவள்தான். கணவன் என்ற முறையில் இடதுபக்க இருக்கை எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நானும் லைசென்சுக்கு இரண்டு முறை போனவன்தான். முதல் முறை எட்டுப் போடச் சொன்னார்கள். நான் போட்டது ஏழு மாதிரி இருந்ததாக இன்ஸ்பெக்டர் சொன்னார். இரண்டாம் முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஓட்டத் தெரியாதவனுக்குப் பூஜையாவது தெரியவேண்டும். வண்டியைக் கழுவி, முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டி, டேஷ்போர்டில் கண்ணில் பட்ட வட்டத்துக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தேன். "ஸ்பீடு காட்டுற இடத்துல வைக்காதீங்க" என்றாள். சரி என்று அதற்குப் பக்கத்தில், குட்டிக் குட்டி விளக்குகள் எரியுமே, அந்த வரிசையில் தாராளமாக வைத்தேன்.

பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கம்பி உண்டு. அதைப் பின்னால் ஒரு படி இழுத்தால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேற்றுக்கும் பாறைக்கும் உள்ள ஏற்பாடு அது. போன மாதம் எங்கள் ஊருக்குச் சிமெண்ட் ரோடு போட்டதிலிருந்து அந்தக் கம்பிக்கு வேலை இல்லை. வேலையில்லாமல் நிற்பவர்கள்மேல் எனக்கு எப்போதுமே ஓர் அனுதாபம் உண்டு. அதற்கு மஞ்சள் பட்டுத் துணி சுற்றி, பூச்சரம் போட்டு, மஞ்சள் கயிற்றால் ஒன்பது சுற்றுச் சுற்றி, சீட்டின் காலோடு கட்டினேன். கயிறு கொஞ்சம் குட்டை. இழுத்துத்தான் கட்டவேண்டியிருந்தது.

"இத எப்ப அவுக்குறது?" என்று கேட்டாள்.

"சாமிக் கயிறு. தானா அறுந்து விழணும். கத்தி படக்கூடாது."

சாஸ்திரம் தெரிந்தவர்கள் சொல்வதுபோல் சொன்னேன். அவளும் நம்பினாள்.

அக்டோபர் 9, வியாழன்

மந்திக்காட்டிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். எங்களுக்கு மேலே ஆறு கிலோமீட்டரில் இருக்கும் ஊர். இந்த மழைக்காலத்தில் அந்தப் பாதையை முழங்கால் சேறு என்று சொன்னால் முழங்காலைக் குறைத்துச் சொன்னதாக ஆகும். அங்கிருந்து பதினொரு பிள்ளைகள் கீழே பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும். இதுவரை ஓட்டிய ஜீப்காரர் வண்டியை விற்றுவிட்டு மகனோடு திருப்பூர் போய்விட்டார். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகுடீஸ்வரி ஓட்டுவாளா என்று கேட்டார்கள்.

இதே டிரிப்பை என் மச்சான் தண்டபாணியும் கேட்டிருக்கிறார். மகுடீஸ்வரியின் அண்ணன். அவரிடமும் ஜீப் இருக்கிறது. வந்தவர்களில் ஒரு பெரியம்மா, "அவரு வண்டிய விட்டா போன், போன விட்டா வண்டி. எங்க பிள்ளைகளுக்கு இந்தப் பொண்ணு போதும்" என்றார். ஐம்பதைத் தொடப்போகிறவளைப் பொண்ணு என்றதும் மகுடியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. தண்டபாணியைப் பற்றி இன்னும் இரண்டு சேதி சொன்னார். எழுதினால் பக்கம் போதாது, வாயால் நாளை யாரிடமாவது சொல்லிக்கொள்கிறேன்.

மகுடி பிறந்த ஊர் மந்திக்காடு. எட்டாவதோடு அவள் படிப்பு நின்றதற்கு அந்தப் பாதைதான் காரணம். அண்ணனை விடுதியில் சேர்த்தார்கள், தங்கையை வீட்டில் வைத்துக்கொண்டார்கள். கல்யாணம் ஆன இருபத்தெட்டு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் இதைச் சொல்லியிருக்கிறாள்.

வந்தவர்களிடம், "பாப்போம்" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் கேட்காமலேயே ரவா கேசரி வந்தது. முந்திரி போட்டு.

அக்டோபர் 17, வெள்ளி

மழை 3 செ.மீ. ஸ்டியரிங் கனக்கிறது என்கிறாள். காற்றடிக்கவேண்டும் போல.

அக்டோபர் 23, வியாழன்

காற்றடித்தாகிவிட்டது. கனம் குறையவில்லை. தீபாவளிக்குப் பிறகு முதல் சந்தை. கீழே இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் வண்டி விக்கல் எடுத்த மாதிரி குதித்தது. டயர் கீச்சென்றது. இடது இருக்கைக்காரன் என்ற முறையில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துழைத்தேன்.

சந்தையில் தண்டபாணி. வெள்ளை வேட்டி, இரண்டு கையிலும் போன்.

"என்னா மாப்ள, வண்டி வளைவுல நாட்டியம் ஆடுதாமே?"

"ஓட்டுறவ கலைஞி மச்சான்."

"கலையெல்லாம் சரி. மலை ரோட்ல ஸ்டியரிங்க ஒடிக்க ஆம்பள கை வேணும்ல." பிறகு தங்கையைப் பார்த்து, "தாயி, கை வலிக்கிதுன்னா சொல்லிரு. மந்திக்காட்ட நான் பாத்துக்கிறேன்" என்றார். பாசமாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சல்.

மகுடி வாழைத்தாரை இறக்கப் போய்விட்டாள். வரும் வழியில் என்னிடம், "நெசமாவே எனக்குக் கைபலம் போயிருச்சோ?" என்று கேட்டாள். வயதைப் பற்றி ஒரு ஜோக் சொல்ல வாயெடுத்தேன். அவள் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்து ஜோக்கை விழுங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் தைலம் தேய்த்துவிட்டேன். நான் ஒரு ஜோக்கை விழுங்கியது இந்த வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

நவம்பர் 3, திங்கள்

வண்டிக்கு அடியிலிருந்து டக், டக் என்று சத்தம். வேகம் எடுத்தால் டக்டக் போய், ஊளை வருகிறது. வியாழக்கிழமை திண்டுக்கல் ஷோரூமில் காட்டலாம் என்று மகுடி முடிவு செய்துவிட்டாள். "கம்பெனிக்காரங்க முன்னாடி அழுக்கா நிக்கக்கூடாது. நாளைக்குக் கழுவி வைங்க."

நவம்பர் 4, செவ்வாய்

வண்டியைக் கழுவினேன். வேறு விசேஷம் இல்லை.

மேலே எழுதியது முழு உண்மை இல்லை. டைரியிடமே பொய் சொன்னால் பிறகு யாரிடம்தான் உண்மையைச் சொல்வது.

ரேடியோ கேட்டுக்கொண்டே துடைக்கலாம் என்று சாவியைத் திருப்பிவைத்திருந்தேன். டேஷ்போர்டில் காய்ந்துபோன சந்தனப் பொட்டுகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். நாலாவது பொட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாலு சக்கரமும் வரைந்த படம்.

பட்டுத்துணியை விலக்கிப் பார்த்தேன். சின்னக் கம்பி ஒரு படி பின்னால் இருந்தது. என் கயிறு அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது சுற்று. முடிச்சில் ஒரு குறையும் சொல்லமுடியாது.

ஷேவிங் பிளேடால் அறுத்தேன். கத்திதானே படக்கூடாது. கம்பியைக் கையால் தள்ளினால் அசையவில்லை, காலால் உதைத்தேன். அடியில் டங் என்று ஒரு சத்தம். வண்டி அரை அங்குலம் குலுங்கி நின்றது. ஒரு மாசமாக மூச்சைப் பிடித்திருந்த ஆள் மூச்சை விட்ட மாதிரி.

பட்டுத்துணியைப் பழையபடி சுற்றிவைத்து, கயிற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன், சொல்லிவிடலாம் என்று. மகுடி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். மும்முரமாக வேலை செய்கிறவர்களைத் தொந்தரவு செய்வது எனக்குப் பிடிக்காது.

நவம்பர் 6, வியாழன்

கயிறு போனாலும் ஸ்டியரிங் கனம் போகவில்லை, உள்ளே கெட்டது இன்னும் பிடித்து இழுக்கிறது போல; வழியெல்லாம் மகுடி தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். ஷோரூம் என்றால் ஷோரூம். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. நான் இரண்டு முறை உள்ளே போய் வெளியே வந்து பார்த்தேன். காபி இலவசம். ஏசி மட்டும் அந்த ஊருக்குக் கொஞ்சம் அதிகம்.

கழுத்தில் டை கட்டிய ஒருவர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பெயர் நிவின் என்று அட்டையில் போட்டிருந்தது. "சவுண்டு டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து வருது மேடம். எஞ்சின் இழுவைய முன் வீலுக்கும் பின் வீலுக்கும் பிரிச்சுக் குடுக்குற பொட்டி. அசெம்பிளியாத்தான் மாத்தணும்."

"உள்ள ஏதோ ஒரு சாமான்தான போயிருக்கும்?" என்றாள் மகுடி.

"நாங்க உள்ள பிரிக்கிறதில்ல மேடம். முழுசாத்தான் வரும்."

கம்ப்யூட்டர் ஒரு காகிதத்தைத் துப்பியது. ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம். பெட்டி வந்து சேர மூன்று வாரம். காகிதத்தின் அடியில் நன்றி, மீண்டும் வருக என்று அச்சடித்திருந்தார்கள்.

பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "மேடம், தார் ரோடு, சிமெண்ட் ரோட்ல நாலு வீல் போட்டு ஓட்டினீங்களா?"

"இல்லையே. அந்தக் கம்பியத் தொட்டே ரெண்டு மாசம் ஆச்சு."

"சேறுன்னா டயர் வழுக்கிச் சமாளிச்சிரும். காஞ்ச ரோட்ல வழுக்க இடமில்ல. வளைவுல முன் வீல் ஒரு தூரம் போகும், பின் வீல் ஒரு தூரம் போகும். உள்ள ஒண்ண ஒண்ணு முறுக்கிரும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி குதிக்கும். அதான் கேட்டேன்."

இரண்டு சம்பந்திகளை ஒரே வேட்டியில் கட்டிக் கல்யாண வீட்டைச் சுற்றிவரச் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான் போல. எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதைக் காட்டிக்கொள்ளாமல், காபி மிஷினில் எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன வரும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். எதை அமுக்கினாலும் கசந்தது. காபியில்தான் ஏதோ கோளாறு.

"மூணு வாரம்னா கார்த்திகை ஒண்ணு போயிருமே" என்றாள் மகுடி. பணத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

மழை 5 செ.மீ. இன்றும் சொல்லவில்லை. மழைச் சத்தத்தில் கேட்காது.

நவம்பர் 8, சனி

காலையில் பல் விளக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். ஜீப் கொட்டகையில் நின்றது. எஞ்சின் ஓடவில்லை. மகுடி உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடது ஓரம், வலது ஓரம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிக்கொண்டிருந்தாள். நின்ற வண்டியில் அது கல்லைத் திருப்புவது மாதிரி. இருபது முறை திருப்பினாள். நடுவில் தோளைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி திருப்பினாள்.

கையைப் பழக்குகிறாள். கோளாறு கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. பேஸ்ட்டைத் துப்ப இடம் தேடி வேலியைச் சுற்றிக்கொண்டு போனேன். வேலி ரொம்ப நீளம்.

நவம்பர் 10, திங்கள்

இன்று நிறைய எழுதவேண்டும்.

வத்தலக்குண்டு பைபாசில் சவரிமுத்து என்று ஒரு மெக்கானிக். ஜீப்பைத் தவிர எதையும் தொடமாட்டார். மகுடிதான் விசாரித்துக் கண்டுபிடித்தாள். இனிமேல் ஓட்டினால் மிச்சமும் போய்விடும் என்று அவர் போனிலேயே சொல்லிவிட்டதால் கட்டி இழுத்துப் போகவேண்டியதாயிற்று. இழுத்தது யார் என்றால் தண்டபாணி. அவரே வந்து கேட்டார். இரண்டு மணிநேரம் மலை இறங்கும்வரை, எதிரே வந்த வண்டிக்கெல்லாம் ஹாரன் அடித்து, பின்னால் இருப்பதைக் கைகாட்டினார். பூசணிமேட்டிலிருந்து வத்தலக்குண்டு வரை இப்போது சேதி தெரியாதவர்கள் யாரும் இல்லை. இந்த விஷயத்தில் அவர் எனக்கே அண்ணன்.

சவரிமுத்து பெட்டியை இறக்கிப் பிரித்தார். ஒரு தகரத் தட்டில் எண்ணெயை ஊற்றி விரலால் துழாவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

"எந்தப் புண்ணியவான்யா நாலு வீலையும் போட்டு வீட்டுக்கும் சந்தைக்கும் ஓட்டுனது?"

கேட்டுவிட்டுத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு பேரிங் போச்சு. முன் ஷாஃப்ட் மூட்டுல இருக்குற கிராஸ் தேஞ்சு போச்சு. செயின் தொங்கிருச்சு. ஒருநாள் ரெண்டுநாள் ஓட்டுனா இப்படி ஆகாது. மாசக் கணக்குல ஓடிருக்கு. யாரு ஓட்டுறது?"

"நான்தாண்ணே" என்றாள் மகுடி. "எனக்கே தெரியல. முழங்கால் பட்டு விழுந்திருக்குமோ என்னவோ."

"முழங்கால் பட்டா?" தண்டபாணி சிரித்தார். "மாப்ள, கேட்டீகளா. நாளைக்கு முழங்கை பட்டா வண்டி பள்ளத்துலல்ல கெடக்கும். பதினோரு பிள்ளைக, தாயி. வெளையாட்டு இல்ல."

மகுடி அவரைப் பார்க்கவில்லை. தகரத் தட்டில் இருந்த எண்ணெயையே பார்த்தாள். அதில் மினுமினுவென்று இரும்புத்தூள் மிதந்தது.

"சரிண்ணே" என்றாள். "மந்திக்காட்டு டிரிப்ப நீயே எடுத்துக்க. நான் அவங்ககிட்ட சொல்லிர்றேன்."

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஊர்க்கதை முழுக்கப் பேசியிருக்கிறேன். என் கதை ஒன்றைப் பேச இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சட்டைப்பையில் கைவிட்டேன். ஆறு நாளாக ஒவ்வொரு சட்டையாக மாற்றி மாற்றி வைத்திருந்த கயிற்றை எடுத்து, சவரிமுத்துவின் பெஞ்சில், தேய்ந்துபோன பேரிங்குக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"முழங்காலும் இல்ல, முழங்கையும் இல்ல. நான்தான் கட்டினேன்" என்றேன். "ஆயுத பூஜை அன்னிக்கு. கயிறு குட்டையா இருந்துச்சு, கம்பிய இழுத்துக் கட்டினேன். விளக்கு எரியிறது தெரியாம அதுமேல பொட்டும் வச்சேன். அவ கை நல்லாத்தான் இருக்கு. நாலு சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டுற வண்டிய முப்பத்தஞ்சு நாள் அந்த வளைவுல ஓட்டிருக்கா. நீங்க ஓட்டிருந்தா மச்சான், ரெண்டாம் நாளே வேற ஆளக் கூப்பிட்டிருப்பீக."

சவரிமுத்து கயிற்றை எடுத்துப் பார்த்தார். "ஒம்பது சுத்தா?"

"ஒம்பது."

"இருபத்திரெண்டு வருசமா வேல பாக்குறேன். தண்ணிக்குள்ள விட்டவன் வந்திருக்கான், எண்ணெய் ஊத்தாம ஓட்டுனவன் வந்திருக்கான். பூஜை பண்ணிக் கெடுத்தவரு நீங்கதாண்ணே மொத ஆளு." மகுடியின் பக்கம் திரும்பி, "தங்கச்சி, அந்த ஸ்டியரிங்க ஒடிச்சு ஓட்டுனது நீயின்னா, மந்திக்காட்டுக்கு மட்டுமில்ல, எங்க வேணாலும் போவ" என்றார்.

தண்டபாணிக்குத் திடீரென்று ஒரு போன் வந்தது. மணி அடித்த மாதிரி எனக்குக் கேட்கவில்லை.

மகுடி பெஞ்சுக்கு வந்தாள். கயிற்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நவம்பர் 11, செவ்வாய்

சாம்பாரில் உப்பு இல்லை. நான் கேட்கவில்லை.

நவம்பர் 12, புதன்

இன்று உப்பு இருந்தது. நேற்றைக்கும் இன்றைக்கும் சேர்த்து. மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

"தெரிஞ்சு எத்தன நாளாச்சு?" என்று காலையில் கேட்டாள். இரண்டரை நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"போன வாரம் செவ்வாய்க்கிழமை."

"அப்ப ஷோரூம்ல?"

"தெரியும்."

"நான் கொட்டகையில ஸ்டியரிங்கத் திருப்புனப்ப?"

அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். "தெரியும்" என்றேன்.

"ஏன் சொல்லல?"

ஜோக் ஒன்று வந்தது. நல்ல ஜோக். வேண்டாம் என்று, "பயம்" என்றேன். "வண்டியில நான் செய்யிறது அந்தப் பூஜை ஒண்ணுதான். அதையும் கெடுத்துட்டேன்னு சொல்ல வாய் வரல."

 அவள் வெங்காயத்தை நறுக்கத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். "ஒம்பது சுத்து" என்றாள். அதற்குமேல் பேச முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். வெங்காயத்துக்கு அதில் பாதிப் பங்குதான் இருக்கும்.

மந்திக்காட்டுக்காரர்களுக்குப் போன் போட்டு, "திங்கக்கிழம நானே வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். பேரிங் மதுரையிலிருந்து சனிக்கிழமைக்குள் வந்துவிடும் என்கிறார் சவரிமுத்து. வராவிட்டால் நான் மதுரைக்கு நடந்தே போவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை. வயிற்றைப் பார்த்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரத்து இருநூறு. என் பங்கு மிளகை விற்று நானே கொடுத்தேன். கழற்றிய பழைய பேரிங்கைச் சவரிமுத்து ஒரு காகிதத்தில் மடித்து என்னிடம் தந்து, "பூஜை ரூம்ல வைங்க" என்றார்.

மலை ஏறினோம். முதல் கொண்டை ஊசியில் மகுடி ஸ்டியரிங்கைத் திருப்பினாள். அவள் முகம் மாறியது. அவ்வளவு லேசாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு மாசமாகக் கல்லைத் திருப்பிய கைக்கு இப்போது அது பூச்சரம். மூன்றாவது வளைவில் ஒற்றைக் கையால் திருப்பினாள். ஐந்தாவதில் என்னைப் பார்த்துக்கொண்டே திருப்பினாள். ஆறாவதில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒன்று. ஆறரை மணிக்குக் கிளம்பும்போது, "கைய நீட்டுங்க" என்றாள். முந்தானையிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்தாள். பிளேடால் அறுத்த இடத்தில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். என் வலது மணிக்கட்டில் சுற்றிக் கட்டினாள். எத்தனை சுற்று என்று எண்ணவேண்டிய அவசியம் இல்லை.

"இது இருக்குறவரைக்கும் வண்டிக்குள்ள எதையும் தொடக்கூடாது. சாமிக் கயிறு. தானா அறுந்து விழணும். கத்தி படக்கூடாது. பிளேடும்."

"பக்கத்துல உக்காரலாமா?"

"உக்காரலாம். கையக் கட்டிக்கிட்டு."

சிமெண்ட் ரோடு முடிந்து சேறு ஆரம்பிக்கும் இடத்தில் தண்டபாணி நின்றுகொண்டிருந்தார். சும்மா நடக்க வந்தாராம், வெள்ளை வேட்டியோடு. மகுடி வண்டியை நிறுத்தி, சின்னக் கம்பியை ஒரு படி பின்னால் இழுத்தாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. அதை என்னிடம் விரலால் காட்டினாள். நான் தலையாட்டினேன்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லு. வேட்டி" என்றாள்.

தள்ளித்தான் நின்றார். இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கலாம்.

மந்திக்காட்டில் பதினொரு பிள்ளைகளும் குடையோடு வரிசையாக நின்றார்கள். ஒரு சின்னப் பெண் ஏறும்போது என் கையைப் பார்த்து, "தாத்தா, இது எந்தக் கோயில் கயிறு?" என்று கேட்டாள். தாத்தா என்றதை மன்னித்துவிட்டேன். "இது வண்டிக் கோயில்" என்றேன். மகுடி முன்னால் பார்த்தபடியே சிரித்தாள். அவள் எட்டாவதோடு நின்ற பாதையில் எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றோம். மணி அடிக்க இன்னும் கால் மணிநேரம் இருந்தது.

நவம்பர் 30, ஞாயிறு

மழை இல்லை. வண்டி நன்றாக ஓடுகிறது. காலையில் குளிக்கும்போது கயிற்றில் ஓர் இழை பிரிந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. முடிச்சுப் போட்டுவிட்டேன்.